ஏழாயிரம் அடி உயரத்தில் மீன் சாப்பாடு

ஜூன் 22, ஞாயிறு: சிறுமுகை வழியாகக் குன்னூர்

தூத்துக்குடிக்காரனிடம் எந்த மீன் பிடிக்கும் என்று கேட்டால், எந்த மாதத்தில் என்று அவன் திருப்பிக் கேட்பான். என் வரிசையில் குழம்புக்கு விளைமீன்தான் முதல். பொரிப்பதற்கு ஊளியும், நாள்தோறும் சலிக்காமல் சாப்பிடச் சாளையும், உடம்பு தேறாத நாட்களில் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு வைக்கும் காரல் தண்ணீர்க் குழம்பும் அதற்கு அடுத்து வரும். சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்று கொண்டாடுகிற சீலாவை எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்காக மட்டுமே வாங்குவோம். முள் குறைவு, துண்டு போட்டால் அழகாக இருக்கும் என்பதைத் தவிர அதன் விலைக்கு வேறு நியாயம் எனக்குப் புலப்பட்டதில்லை.

இப்படி மீனுக்கு வாழ்க்கைப்பட்ட ஒருவன், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடை முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய் ஒரு வாரமே ஆகியிருக்கும் நேரத்தில், ஊரை விட்டு மலையேறுவது புத்திசாலித்தனம் ஆகாது. ஆனால் குன்னூரில் இருக்கும் அத்தானுக்கு முழங்காலில் அறுவை முடிந்திருந்தது. அக்காவோ தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தாள். நீலகிரியின் அவலாஞ்சியில் வளரும் டிரவுட் என்னும் குளிர் ஓடை மீனை அங்கேயே வைத்து ஒருமுறை சாப்பிட வேண்டும் என்ற ஆசையும் எனக்கு நெடுநாளாக இருந்தது. ஒரு வாரமாவது மீன் பேச்சில்லாமல் இருக்கலாம் என்று எண்ணிப் புறப்பட்ட என் மனைவியிடம் இதை நான் மேட்டுப்பாளையம் வரும்வரை சொல்லவில்லை.

எங்களை அழைத்துப் போக மேட்டுப்பாளையத்துக்கு வந்த அக்கா மகன், மதியச் சாப்பாட்டுக்குக் காரைச் சிறுமுகைப் பக்கம் திருப்பினான். பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு, அதன் பின்புறத் தேக்கம் இந்தப் பகுதிவரை பரந்து கிடக்கிறது. நீலகிரியில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஒருபுறம் பவானியாகவும் மறுபுறம் மாயாறாகவும் இறங்கி வந்து இந்த அணையில்தான் சேருகிறது. தேக்கத்தில் பிடித்த கட்லாவையும் ரோகுவையும் ஜிலேபிக் கெண்டையையும் சாலையோரக் கொட்டகைகளில் பொரித்துக் கொடுக்கிறார்கள். முழு மீனை எடைபோட்டு விலை சொல்லி, நம் கண்ணெதிரே கீறி, சிவக்கச் சிவக்க மசாலா தடவி, அகலமான இரும்புச் சட்டியில் போடுகிறார்கள். நாங்கள் எடுத்த ஒரு கிலோ ரோகுவுக்குப் பொரிக்கும் கூலியும் சேர்த்து 320 ரூபாய் ஆனது.

அணை மீனை நான் எப்போதும் சற்று இளக்காரமாகவே பார்த்து வந்திருக்கிறேன். அரை மணி நேரத்துக்கு முன்புவரை உயிரோடு இருந்த ரோகுவின் முதுகுச் சதையில் ஒரு தித்திப்பு இருப்பதை இன்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. வெயிலும் அடுப்பனலும் கொட்டகைக்குள் ஒன்றாகத் தகிக்க, வியர்வையைத் துடைக்கவும் முடியாமல் இரு கையாலும் முள்ளோடு போராடிக்கொண்டிருந்த என் மனைவியைப் பக்கத்து மேசைக்காரர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கண்ணு, அதை அப்படிப் பிய்க்கக் கூடாதுங்க, வாலுப் பக்கமிருந்து தலைக்குத் தள்ளுங்க" என்று சொல்லித் தன் தட்டில் செய்து காட்டினார். கவட்டை முள் முழுதாகக் கழன்று வந்தது. கடல் மீனில் இந்த வித்தைக்கு வேலையே இல்லாததால் நாங்கள் அதைக் கற்றிருக்கவில்லை.

மாலையில் பர்லியாறு தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. குன்னூர் வீட்டில் நுழையும்போது கம்பளி தேவைப்பட்டது.

ஜூன் 23, திங்கள்: குன்னூர்

காலையில் சந்தைக்குப் போகும்போது அக்கா கையில் ஒரு எவர்சில்வர் தூக்கைக் கொடுத்தாள். இம்மாவட்டத்தில் நெகிழிப் பைக்குத் தடை இருப்பதால் மீன்காரரிடம் பாத்திரத்தை நீட்டினால்தான் மரியாதை. இல்லாவிட்டால் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார்கள், வீடு வருவதற்குள் தாள் நனைந்து கிழிந்துவிடும் என்றாள்.

குன்னூருக்கு மீன் பெரும்பாலும் கோவை உக்கடத்திலிருந்து வருகிறது. கடலூர், நாகப்பட்டினம், இராமேசுவரம், தூத்துக்குடி, அந்தப் பக்கம் கேரளக் கரை என்று எல்லாத் திசையிலிருந்தும் வரும் பெட்டிகள் உக்கடத்தில் ஏலம் போய், விடியற்காலையில் மலையேறுகின்றன. ஆகவே கடையில் நான் முதலில் பார்த்தது எங்கள் ஊர் விளைமீனை என்பதில் வியப்பில்லை. தூத்துக்குடியில் கிலோ 450 ரூபாய்க்குப் போன வாரம் வாங்கியது இங்கே 720. சங்கரா 480, அயிலை 300, மத்தி 240, வஞ்சிரம் 1,250 என்று எழுதிப் போட்டிருந்தார்கள்.

மலையில் மீன் பார்த்து வாங்குவது எனக்குப் பழக்கப்பட்ட காரியமாக இல்லை. கடற்கரையில் கையை வைத்தவுடன் மீனின் வயது தெரிந்துவிடும். சூடேறிய மீன் பழைய மீன். இங்கே காற்றே குளிர்ந்திருப்பதால் நேற்றைய மீனும் முந்தாநாள் மீனும் தொடுவதற்கு ஒன்றாகவே இருக்கின்றன. ஐஸ் கட்டியில் கிடந்து கண் வெளுத்துப் போவதும் உண்டென்பதால் கண்ணையும் முழுதாக நம்ப முடியாது. செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் முடிவு செய்தேன். கடைக்காரர் இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அண்ணா கடக்கரைப் பக்கமா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் விளைமீனை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். "அப்ப இது உங்களுக்கு வேண்டாம். அயிலை எடுத்துக்குங்க, நேத்து ராத்திரி எறங்குனது" என்றார். 720 ரூபாய் வியாபாரத்தைத் தானே தடுத்து 300 ரூபாய்க்கு விற்ற அந்த மனிதரை நெடுநாள் நினைத்திருப்பேன்.

வீட்டில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. மீனுக்காகவே ஊரிலிருந்து நான் கொண்டுவந்திருந்த தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்து கட்டியாக நின்றது. அதை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி இளக்கிய பிறகுதான் அக்காவால் தாளிக்க முடிந்தது. மல்லியும் தேங்காயும் சேர்த்தரைத்து, புளி கரைத்து ஊற்றி, எங்கள் அம்மா வைக்கும் முறையிலேயே குழம்பு வைத்தாள். ஆனாலும் புளியின் பச்சை வாசனை போக நெடுநேரம் பிடித்தது. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இங்கே தண்ணீர் நூறு டிகிரிக்கு ஐந்தாறு டிகிரி முன்பாகவே கொதித்துவிடுகிறது. எவ்வளவு விறகு வைத்தாலும் கொதிக்கும் குழம்பின் சூடு அதற்கு மேல் ஏறாது என்பதால் குழம்பைப் பொறுத்துக் காய்ச்ச வேண்டும், மீனைக் கடைசியில் போட வேண்டும் என்பது இத்தனை வருடங்களில் அக்கா கண்டுகொண்ட பாடம். அத்தானோ, "மாப்பிள்ளை, இங்க மீனு எங்க ருசிக்குது, அந்தப் புளியும் மிளகாயுந்தான் ருசிக்குது" என்று சலித்துக்கொண்டே இரண்டாம் முறை சோறு வாங்கினார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த மீன் என்பதைவிட, அது கரையேறி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதே வாய்க்குள் முதலில் தெரிகிறது. ஒருநாள் ஆன அயிலையின் முன்னால், நான்கு நாள் பயணம் செய்த விளைமீனுக்கு என்ன பெருமை இருக்க முடியும்?

ஜூன் 24, செவ்வாய்: ஊட்டி

படகுத்துறைக்கு எல்லாரும் போவதால் நாங்களும் போனோம். ஊட்டி ஏரியை அப்போதைய கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டுவித்தார். நன்னீர் மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஏரி ஒரு முக்கியமான இடம் என்பதைப் படகோட்டுகிறவர்களும் அறிந்திருக்கவில்லை. இன்று தமிழ்நாட்டுக் குளங்களிலும் ஏரிகளிலும் பரவலாகக் கிடைக்கும் சாதாக்கெண்டை இந்த நாட்டு மீன் அன்று. அதன் ஜெர்மானிய வகை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு இந்த ஏரியில் விடப்பட்டது. குளிர் தாங்கும், கிடைத்ததைத் தின்னும், வேகமாகப் பெருகும் என்பதால் அது இங்கே நிலைத்துவிட்டது. சிறுமுகையில் பார்த்த ஜிலேபியும் வந்தேறிதான். அது 1952-இல் வந்தது. ஆனால் ஊட்டி ஏரியில் நகரத்துச் சாக்கடை நீண்ட காலமாகக் கலந்து வந்திருப்பதால், இதில் பிடித்த மீனை யாரேனும் இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

மதியம் நல்ல மழை. ஒதுங்குவதற்காக நுழைந்த ஓர் உணவகத்தின் பட்டியலில் டிரவுட் என்று போட்டு, எதிரே 850 ரூபாய் என்று எழுதியிருந்தது. நாளை அவலாஞ்சிக்குப் போகத்தானே போகிறோம் என்று மனைவி தடுத்தாள், கேட்கவில்லை. மணாலியில் பல வருடங்களுக்கு முன் டிரவுட் சாப்பிட்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச் செதில், மேலெல்லாம் கரும்புள்ளி, இளஞ்சிவப்பில் ஒரு கோடு, கத்தி படாமலே இதழிதழாகப் பிரியும் சதை என்று அந்த மீனை நான் மறக்கவில்லை. அதன் முதுகில் நடுத்துடுப்பைத் தாண்டி, வாலுக்குச் சற்று முன்னால், முள்ளே இல்லாத சின்னஞ்சிறு சதைத்துடுப்பு ஒன்று தனியாக நிற்கும்.

தட்டில் வந்த மீனுக்குத் தலைக்குப் பின்னால் தொடங்கி வாலருகே வரை ஒரே துடுப்பு நீண்டிருந்தது. அதன் முற்பகுதி முழுக்கக் கூர்முள். பக்கவாட்டில் ஓடும் கோடு பாதியில் அறுந்து, கீழே இறங்கி, மறுபடி தொடங்கியது. இவை இரண்டும் இருந்தால் அது ஜிலேபி. சிறுமுகையில் இதே எடைக்கு 120 ரூபாய் வாங்குகிறார்கள்.

பரிமாறிய இளைஞரை அழைத்து, குரலை உயர்த்தாமல் துடுப்பைத் தூக்கிக் காட்டினேன். அவர் சங்கடப்படவில்லை. "ஆமா சார், சீசன்ல வர்றவங்க எல்லாரும் டிரவுட்டுதான் கேக்கறாங்க, அதான் அப்படிப் போட்டிருக்காங்க" என்று உள்ளதைச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பட்டியலை எழுதியவர் அவர் இல்லையே. எலுமிச்சையும் வெண்ணெயும் ஊற்றிய அந்த ஜிலேபி நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 850 ரூபாய்க்கு அது போதாது, அவ்வளவே.

ஜூன் 25, புதன்: எமரால்டு

நீலகிரி ஓடைகளில் டிரவுட்டை வளர்க்க வெள்ளைக்காரர்கள் பட்ட பாடு ஒரு தனிக்கதை. சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்தவரும், பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிய ஆய்வால் புகழ்பெற்றவருமான பிரான்சிஸ் டே 1863-இல் இங்கிலாந்திலிருந்து முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். குளிர்ந்த, ஓயாமல் ஓடுகிற, காற்று நிறையக் கலந்த நீரில்லாமல் அம்மீன் பிழைக்காது. நீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அது தவிக்கத் தொடங்கிவிடும். வெப்பமண்டலக் கடல்களைக் கடந்து, சமவெளியின் வெக்கையையும் கடந்து முட்டையை உயிரோடு மலைக்குக் கொண்டுவருவது அக்காலத்தில் எத்தனை கடினம் என்று எண்ணிப் பாருங்கள். எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் 1907-இல் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைத்த பிறகே ரெயின்போ டிரவுட் இந்த மலையில் காலூன்றியது. தூண்டில் போடும் துரைமார்களின் பொழுதுபோக்குக்காக வந்த மீன் அது. ஊரார் உண்பதற்காக வந்ததன்று. அதனால்தான் நூறு வருடம் தாண்டியும் அது இங்குள்ள எந்த வீட்டுச் சட்டிக்கும் பழக்கப்படவில்லை என்று நினைக்கிறேன்.

எமரால்டு தாண்டியதும் மழை சரம்சரமாக இறங்கியது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய இடம் அவலாஞ்சி; தென்மேற்குப் பருவக்காற்று அங்கே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. சாவடியில் கட்டை இறக்கப்பட்டிருந்தது. மரம் விழுந்திருப்பதால் மேலே யாரையும் விடுவதற்கில்லை என்று காவலர் சொன்னார். நான் மீனுக்காகவே வந்தவன் என்பதை அறிந்ததும் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "திறந்திருந்தாலும் பாக்கத்தான் சார் முடியும், திங்க முடியாது. அங்க குஞ்சு பொரிச்சு ஓடையில விடறதுதான், கடை கிடையாது" என்றார். மழையில் நின்றபடி, தன் குடையின் பாதியை என் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு அவர் இதைச் சொன்னார்.

ஆக, டிரவுட் கதை அங்கே முடிந்தது. திரும்பும் வழியில் எமரால்டுக்கு அருகே சாலையோரம் ஒருவர் சாக்கை விரித்து அதில் நான்கு மீன்களைப் போட்டு, மேலே குடையைக் கவிழ்த்திருந்தார். எமரால்டு, அவலாஞ்சி அணைகள் குந்தா நீர்மின் திட்டத்துக்காக, கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாட்டின் உதவியோடு கட்டப்பட்டவை. அந்த நீர்த்தேக்கத்தில் காலையில் வலையில் விழுந்தவை என்றார். அத்தனையும் கண்ணாடிக் கெண்டை: உடம்பு முழுக்கத் தோல் வெறுமையாக இருக்க, முதுகோரத்திலும் பக்கவாட்டிலும் மட்டும் விரல்நக அளவுக்குப் பெரிய செதில்கள் அங்கொன்று இங்கொன்றாக ஒட்டியிருந்தன. ஒன்றின் வாய் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒன்றரைக் கிலோ மீனை 300 ரூபாய்க்குக் கொடுத்தார்.

மீன் கிடைத்துவிட்டது, அடுப்பு இல்லை. அக்கா மகன் தயங்காமல் பக்கத்துத் தேநீர்க் கடையில் போய்க் கேட்டான். கடையை நடத்திய படுகர் இனத்து அம்மையார், "எங்க வீட்டுல இதை ரொம்ப ஆக்கறதில்லை. ஆனா ஆக்கத் தெரியும், கொடுங்க தம்பி" என்று வாங்கிக்கொண்டார். அவர் செய்ததை அருகில் நின்று பார்த்தேன். பெரிய செதில்களைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். பிறகு மீனைக் கல்லுப்பும் சாம்பலும் போட்டுக் கருங்கல்லில் தேய்த்தார். வழவழப்பு நுரையாகக் கழன்று ஓடியது. வயிற்றுக்குள் இருந்த கருஞ்சவ்வை விட்டுவைக்காமல் சுரண்டினார். சேற்று வாடை அங்கேயும் கொழுப்பிலும்தான் தங்கும் என்று சொல்லி, துண்டுகளை நீர்த்த புளிக்கரைசலில் கால் மணி நேரம் ஊறப்போட்டார். புளிப்பு அந்த வாடையை முறிக்கும் என்பது உண்மை. நாங்களும் கெளுத்திக்கு மோர் ஊற்றுவோம். ஊறிய துண்டுகளைப் பிழிந்து, மிளகுத்தூள், மஞ்சள், பூண்டு மட்டும் தடவி, இரும்புக் கல்லில் மெல்ல வேகவிட்டார். மிளகாய்த்தூளே கிடையாது.

கையெல்லாம் விறைத்துப்போயிருந்த அந்த நேரத்தில், சுடு சோற்றோடும் அவர் வீட்டு அவரைக் குழம்போடும் அந்தக் கெண்டையைச் சாப்பிட்டோம். குளிர்நீரில் மெதுவாக வளர்ந்ததால்தானோ என்னவோ, சதை இறுக்கமாக, நெய்ப்பசையோடு இருந்தது. சேற்று வாடை துளியும் இல்லை. கவட்டை முள் நிறைய இருந்தது. சிறுமுகைக்காரர் சொல்லிக்கொடுத்தபடி வாலிலிருந்து தள்ளினோம். எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டதற்கு, "டீக்குக் காசு கொடுங்க, மீனு உங்களோடது" என்றார். எவ்வளவு வற்புறுத்தியும் எண்ணெய்க்கென்று 100 ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

ஜூன் 26, வியாழன்: குன்னூர்

தொண்டை கட்டிவிட்டது. நாள் முழுக்க மழை. அக்கா மிளகு ரசம் வைத்தாள்; இங்கே காரல் கிடைக்காது.

ஜூன் 27, வெள்ளி: கூடலூர்

பைக்காராவைத் தாண்டி நடுவட்டம் இறங்கும்வரை மூடுபனியில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஒரு வளைவில் மண் சரிந்து கிடந்ததால் ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். பின்னால் நின்ற பேருந்திலிருந்து இறங்கிய ஒரு குடும்பம், தங்கள் வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து நின்றிருந்த வண்டிகளுக்கெல்லாம் கொடுத்தது.

கூடலூர் ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டிய உயரம். பையிலிருந்த தேங்காய் எண்ணெய் தானாகவே இளகியிருந்தது. அதை வைத்தே உணவு மாறப்போகிறது என்று சொல்லிவிடலாம். ஊர் கேரளத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. மீனும் கோழிக்கோட்டுப் பக்கமிருந்து வருகிறது. அங்கே இப்போது விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆனால் வள்ளங்கள் என்னும் நாட்டுப்படகுகள் போக அனுமதி உண்டு என்பதால் மத்தி வந்துகொண்டிருந்தது. பருவமழைக் காலம் மத்தி சினைப்படும் காலமுமாகும். உணவகத்தில் 60 ரூபாய்க்கு வைத்த வறுத்த மத்தி மூன்றில் இரண்டின் வயிற்றில் சினை இருந்தது. கூடவே மரவள்ளிக்கிழங்கு மசியலும் குடம்புளி போட்ட குழம்பும் வந்தன. குடம்புளியின் புளிப்பு நாக்கின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்கிறது. எங்கள் புளியின் இனிப்பு அதில் இல்லை. மத்திக்கு அது பொருந்தும், விளைமீனுக்குப் பொருந்தாது என்பது என் தீர்ப்பு. நேற்றுவரை கடலில் இருந்த மீனை மலையில் நான் சாப்பிட்டது இங்குதான். மனைவி பேசாமல் இரண்டாவது தட்டு வரவழைத்தாள்.

பிற்பகல் அத்தானின் பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய பல்லாயிரம் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968 முதல் அரசு இந்த மலைகளில் தேயிலை பயிரிட்டது. நண்பரின் தாயார் எண்பதைத் தாண்டியவர், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். எங்களைக் கண்டதும் ரொட்டி தட்டத் தொடங்கினார். வேண்டாம் என்று சொல்ல விடவில்லை.

தொட்டுக்கொள்ளச் சம்பல் செய்தார். அலமாரியிலிருந்து ஒரு துணிப்பொதியை எடுத்துப் பிரித்தபோது, கருத்த மரக்கட்டையாகக் கிடந்தது மாசி. சூரை மீனை அவித்து, புகைகாட்டி, நாட்கணக்கில் உலர்த்திச் செய்யும் அதை மாலத்தீவிலும் நம் மினிக்காய்த் தீவிலும் தயாரிக்கிறார்கள். இலங்கைச் சமையலில் அது இல்லாமல் சம்பல் இல்லை. கிழவி அம்மிக்கு அருகில் உட்கார்ந்து, குழவியின் விளிம்பால் ஓங்கித் தட்டினார். மூன்றாவது தட்டில்தான் ஒரு சில்லு பெயர்ந்தது. உடைந்த இடம் உள்ளே கண்ணாடியாகப் பளபளத்துக் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. அதைத் தூளாக்கி, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்போடு சேர்த்து இடித்து, எலுமிச்சை பிழிந்தார். தேங்காய் போடவில்லை. "தேங்கா போட்டா அது வேற சம்பல் தம்பி. மழ நேரத்துல கொழுந்து எடுக்கப் போறவுகளுக்கு இந்தக் கட்டச் சம்பல்தான், சாயங்காலம் வரைக்கும் கெடாது" என்றார்.

ஒரு விள்ளல் ரொட்டியில் அதைத் தொட்டு வாயில் வைத்தவுடன் முதலில் புகை, பிறகு காரம், அதற்குப் பின்னால் கடல் என்று வரிசையாக வந்தது. எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. இத்தனை நாள் மணிக்கணக்கை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். இந்த மீன் பிடிபட்டு எத்தனை மாதம் ஆனதோ தெரியாது. அதற்கு ஐஸும் தேவைப்படவில்லை, உக்கடமும் தேவைப்படவில்லை. கடலிலிருந்து தொலைவில் வாழப்போகிறவர்கள் என்று தெரிந்து செய்த மீன் அது. ஊரில் கருவாட்டை மழைநாளுக்கும் ஏழைக்கும் ஒதுக்கிவிட்டுப் பச்சை மீனையே மீன் என்று பேசுகிறோம். மலையில் எந்த மீன் பிடித்தது என்று யாரேனும் கேட்டால், எமரால்டுக் கெண்டையை இரண்டாவதாகச் சொல்வேன்.

மாசி எங்கே கிடைக்கிறது என்று விசாரித்தேன். உறவுக்காரர்கள் யாராவது போய்வரும்போது வருமாம். வராத காலத்தில் நெத்திலிக் கருவாட்டை வறுத்து இடித்துச் சமாளிக்கிறார்களாம். தூத்துக்குடியில் கிடைத்தால் அனுப்புகிறேன் என்று சொன்னேன். கிழவி மிச்சமிருந்த சம்பலை வாழையிலையில் மடித்து என் மனைவியின் கையில் கொடுத்தார்.

ஜூன் 28, சனி: குன்னூர்

இன்று மாலை இறங்குகிறோம். அத்தான் ஊன்றுகோல் இல்லாமல் திண்ணைவரை நடந்தார். சம்பல் காலைத் தோசையோடு தீர்ந்துவிட்டது. அதில் பாதியைத் தின்றவர் மலையில் மீன் ருசிக்காது என்று சொன்ன அத்தான்தான்.

அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ, சாளைக் கருவாடு அரைக் கிலோ, சீலாக் கருவாடு இரண்டு துண்டு, மாசி கிடைத்தால் எவ்வளவானாலும். கூடலூருக்குத் தனிப் பொட்டலம் கட்ட வேண்டும். போன வருடம் இதே சரக்கைப் பேருந்தில் போட்டனுப்ப முயன்றபோது, வாடை அடிக்கிறது என்று பார்சல் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெயின்ட் வாளியில் போட்டு மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றினால் வாடை வராது, வாளியின் மேல் ஊறுகாய் என்று எழுதிவிடுங்கள் என்று மனைவி யோசனை சொன்னாள். ஊறுகாய் என்று எழுதினால் திறந்து பார்ப்பார்கள், வத்தல் என்று எழுது என்றார் அத்தான். இது குறித்த விவாதம் மேட்டுப்பாளையம் வண்டிக்கு நேரமாகும்வரை நடந்தது.